ஆறு தானாகச் சுத்தமாகுமா? பென்சீன் வளையத்தை உண்ணும் பாக்டீரியாக்கள்

2020 செப்டம்பர் 3. நோய்த்தொற்றுக்குப் பயந்து கையை அடிக்கடி கழுவிக்கொண்டிருந்த நாட்கள். அன்றைக்குப் பார்த்து கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் ரசாயன வாடை அடித்ததாகச் செய்தி வந்தது. அந்தத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது நம் குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கும் சுங்கை சிலாங்கூர் ஆற்றில். நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடிவிட்டார்கள்.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே தண்ணீர் லோரி வந்து நின்றபோது, வாளியோடு வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, ஓடுற தண்ணி தானா சுத்தமாயிடும்னு எங்கம்மா சொல்லுவாங்களே, அது பொய்யா?" எனக்கு வேலை தொழிற்சாலைக் கழிவுநீரோடு என்பது அவருக்குத் தெரியும். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, வாளி நிரம்பியது, "பொய் இல்லக்கா, ஆனா முழு உண்மையும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அக்காவின் அம்மா சொன்னது அனுபவத்தில் வந்த பேச்சு. ஆற்றில் விழும் இலை, சாணம், சோற்றுப் பருக்கை எல்லாம் ஓடும் தூரத்தில் காணாமல் போவதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதைச் செய்வது தண்ணீரில் இருக்கும் பாக்டீரியா. தின்னர், பெயிண்ட், பசை, பூச்சிமருந்து, பிளாஸ்டிக் என்று இன்றைய தொழிற்சாலை ரசாயனங்களில் பலவற்றை உண்ணக்கூடிய பாக்டீரியாவும் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது எப்போது உண்ணும், எவ்வளவு உண்ணும், எது இல்லாவிட்டால் உண்ணாது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இந்த ரசாயனங்களில் பலவற்றை அரோமேட்டிக் சேர்மங்கள் என்பார்கள். பெயருக்குப் பின்னால் நம் வீட்டுக் கதை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறோமே, அப்படிப் புகைக்கிற பிசின் வகைகளில் ஒன்று சுமாத்திராவின் மரங்களில் இருந்து வருவது. மலாயில் கெமெஞான். அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா நாட்டுக் குங்கிலியம் என்றார்கள். அந்தப் பெயர் ஐரோப்பிய நாக்குகளில் புரண்டு 'பென்சாயின்' ஆனது. அந்தப் பிசினில் இருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1833-இல் ஜெர்மானிய வேதியியலர் மிட்செர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி ஒரு திரவத்தை எடுத்தார். அதுதான் பென்சீன். அதே பொருளை மைக்கேல் ஃபாரடே 1825-இலேயே விளக்கு எரிவாயுவின் எண்ணெய்க் கசடில் இருந்து பிரித்திருந்தார். ஆனாலும் நிலைத்தது நம் பக்கத்துப் பிசின் கொடுத்த பெயர். முதலில் கிடைத்தவை மணம் உள்ளவை என்பதால் இந்தக் குடும்பம் முழுவதற்கும் அரோமேட்டிக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

1865-இல் ஜெர்மானிய வேதியியலர் கெக்குலே சொன்னபடி, பென்சீன் என்பது ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். வழக்கமாகக் கார்பன்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு இருக்கும், அல்லது இரட்டைப் பிணைப்பு இருக்கும். இரட்டைப் பிணைப்பு உள்ள இடம் மற்ற ரசாயனங்கள் கைவைக்கத் தோதான இடம். பென்சீனில் அப்படி ஓர் இடமே கிடையாது. ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், 0.139 நானோமீட்டர். ஆறு எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் தனிச்சொத்தாக இல்லாமல் வளையம் முழுக்கப் பரவி நிற்கின்றன. சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைச் சுற்றி ஒரே இழை, அதற்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. எங்கே தொட்டாலும் மொத்தக் கோலமும் கலையும். அப்படிக் கலைக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டும், ஒரு மோலுக்கு ஏறக்குறைய 150 கிலோஜூல். இந்த வளையம் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த வளையம் நம் வீட்டிலேயே நிறைய இருக்கிறது. துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டைகளில் ஒரு வகை நாப்தலீன். இரண்டு வளையங்கள் ஒட்டிப் பிறந்தது அது. டெட்டாலில் இருப்பது ஒரு குளோரின் ஏறிய வளையம். இரும்புக்கடையில் வாங்கும் தின்னரில் டொலுவீனும் சைலீனும் இருக்கும். இவற்றின் எளிய உறவுக்காரரான பென்சீன் மனிதருக்கு ரத்தப் புற்றுநோய் தரும் என்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று. 2019 மார்ச் மாதம் ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றோரம் ரசாயனக் கழிவைக் கொட்டியபோது, காற்றில் கண்டறியப்பட்ட பொருட்களில் பென்சீனும் டொலுவீனும் சைலீனும் இருந்தன. 111 பள்ளிகளை மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள்.

பென்சீன் உடம்புக்குள் போனால் நம் ஈரலும் அதை உடைக்கத்தான் பார்க்கிறது. அதன் நொதி (என்சைம்), ஆக்சிஜனில் ஓர் அணுவை மட்டும் எடுத்து வளையத்தின் மேல் ஏற்றுகிறது. அதில் பிறக்கும் பொருட்கள் பென்சீனைவிட வீரியமானவை. அவை எலும்பு மஜ்ஜைக்குப் போய் அங்கே சேதம் செய்கின்றன. நாம் தெரிந்துகொண்டது பாதி வித்தை.

முழு வித்தையைத் தெரிந்துவைத்திருப்பது மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள். இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது சூடோமோனாஸ் புட்டிடா. அதன் நொதிக்கு டையாக்சிஜனேஸ் என்று பெயர். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் உண்டு. இந்த நொதி இரண்டையும் சேர்த்தே எடுத்து, வளையத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கார்பன்கள் மேல், ஒரே பக்கமாக வைக்கிறது. அப்படி வைத்ததும் சிக்குக் கோலம் கலைகிறது, வளையம் தன் பிடிவாதத்தை இழக்கிறது. இப்படி ஆக்சிஜனை நேராகவே ஒரு பொருளுக்குள் செருகும் நொதிகள் உண்டு என்பதை 1955-இல் ஜப்பானின் ஒசாமு ஹயைஷி காட்டினார். எடை கூடிய ஆக்சிஜன் அணுவைக் கொடுத்து, அது எங்கே போய் உட்காருகிறது என்று தேடிப் பார்த்த சோதனை அது. பென்சீன் வளையத்தில் இரண்டு அணுக்களும் ஒரே பக்கம் அமர்கின்றன என்பதை டேவிட் கிப்சன் குழு 1960-களின் கடைசியில் கண்டது.

இந்த முதல் படியில் பாக்டீரியாவுக்கு லாபம் எதுவும் இல்லை. தன்னிடம் சேமிப்பில் இருக்கும் ஆற்றலைச் செலவழித்துத்தான் ஆக்சிஜனை ஏற்றுகிறது. முதல் போட்டால்தானே வியாபாரம். அப்புறம் இன்னொரு நொதி வந்து வளையத்தைச் சரிசெய்து கேட்டகால் என்ற பொருளாக்குகிறது.

கேட்டகால் இந்தக் கதையின் மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையம். அம்பாங் தடம், ஸ்ரீ பெட்டாலிங் தடம், கிளானா ஜெயா தடம் எல்லாம் அங்கே வந்து கூடுகிற மாதிரி, பென்சீன், பீனால், நாப்தலீன், பென்சாயிக் அமிலம் எல்லாம் வெவ்வேறு வழியில் வந்து பெரும்பாலும் கேட்டகாலிலோ அதன் நெருங்கிய உறவிலோ சந்திக்கின்றன. ஆயிரம் ரசாயனத்துக்கு ஆயிரம் தனி வழி வைத்துக்கொள்ள ஒரு சின்ன உயிரால் முடியாது. சந்திப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டால் போதும், அதற்கு மேல் எல்லாருக்கும் ஒரே தண்டவாளம்.

அங்கிருந்து வளையத்தை வெட்ட இரண்டு வழி. ஆக்சிஜன் ஏறிய இரண்டு கார்பன்களுக்கும் நடுவில் வெட்டுவது ஒன்று. அவற்றுக்குப் பக்கத்தில் வெட்டுவது இன்னொன்று. இரண்டாம் வழியில் பிறக்கும் பொருள் பளிச்சென்ற மஞ்சள் நிறம். படிக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அதைப் பார்த்தேன். வட்டத் தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் குடியிருப்புகள் வெறும் வெளிர் புள்ளிகளாக இருந்தன. எது வளையத்தை வெட்டும், எது வெட்டாது என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை. கேட்டகால் கரைசலை மெல்லிசாகத் தெளித்தோம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சில புள்ளிகள் மட்டும் மஞ்சள் அரைத்த அம்மிக் கல்லைக் கழுவிய தண்ணீரைப் போல நிறம் மாறின. பக்கத்துப் புள்ளிகள் அப்படியே வெளிறிக் கிடந்தன. நச்சு வளையம் ஒன்று என் கண்ணெதிரே உடைந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பில் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இத்தனை வருடம் இந்த வேலையில் இருப்பதற்கு அந்த மஞ்சளும் ஒரு காரணம்.

வெட்டுப்பட்ட பிறகு வேலை சுலபம். எந்த வழியில் வெட்டினாலும் கடைசியில் கிடைப்பது அசெட்டைல் கோ-ஏ, சக்சினேட், பைருவேட் போன்ற சாதாரணத் துண்டுகள். நாம் சாப்பிட்ட சோறும் நம் உடம்பில் இதே துண்டுகளாகத்தான் மாறுகிறது. ஒரு பகுதி கரிவளியாக (கார்பன் டை ஆக்சைடாக) வெளியேறும். மீதி புதிய பாக்டீரியாவாக வளரும்.

பென்சீன் ஆலைகள் வந்து இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் இந்த உயிர்கள் இதை எங்கே கற்றன? மரத்தில் கற்றன. மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னின் முழுக்க முழுக்க இதே வளையங்களால் கோத்தது. காட்டில் ஒவ்வொரு மரம் சாயும்போதும் பூஞ்சைகள் லிக்னினை நொறுக்கின்றன, சிதறும் வளையங்களைப் பாக்டீரியாக்கள் உண்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடப்பது இது. ரப்பர் மரக் கட்டையிலும் செம்பனைக் குலையின் சக்கையிலும் அதே வளையங்கள்தான். நம் தொழிற்சாலைகள் புதிதாகக் கொட்டியதில் பலவும் அவற்றுக்குப் பழைய சாப்பாட்டின் சாயல் உள்ளவை.

இந்த அறிவை அவை ஒன்றுக்கொன்று கைமாற்றியும் கொள்கின்றன. டொலுவீனையும் சைலீனையும் உடைக்கும் மரபணுக்கள், ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு சூடோமோனாஸில், முதன்மை மரபுத்தொகுதிக்கு வெளியே பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருப்பதை 1970-களில் கண்டார்கள். நாப்தலீனுக்கும் அப்படி ஒரு பிளாஸ்மிட் உண்டு. ஒரு பாக்டீரியா இன்னொன்றைத் தொட்டு அதன் நகலைக் கொடுத்துவிடும். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி அமெரிக்காவில் இப்படிப் பல பிளாஸ்மிட்களை ஒரே பாக்டீரியாவில் சேர்த்து, கச்சா எண்ணெயின் பல பகுதிகளை உண்ணும் ஒன்றை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்று வழக்கு நடந்து, 1980 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கொடுக்கலாம் என்றது. ஆனால் அந்தப் பாக்டீரியாவை யாரும் கடலில் விடவே இல்லை. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது கரையில் தெளித்தது உரம். அங்கேயே இருந்த பாக்டீரியாவுக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் பற்றாக்குறை. வெளியூரில் இருந்து சூரனைக் கூட்டிவருவதைவிட, உள்ளூர்க்காரனுக்கு வேண்டியதைக் கொடுப்பதே பலன் தரும் என்று என் அனுபவத்திலும் பார்த்திருக்கிறேன்.

இனி பாக்டீரியா திணறும் இடங்கள். வளையத்தில் குளோரின் ஏற ஏற, டையாக்சிஜனேஸ் கைவைக்க இடம் குறைகிறது. மரம் செல்லரிக்காமல் இருக்கப் பூசிய பென்டாகுளோரோபீனாலில் ஐந்து குளோரின். 1936 வாக்கில்தான் அது சந்தைக்கு வந்தது. அதை உண்ணும் பாக்டீரியா இருக்கிறது, ஆனால் அதன் நொதிகள் இன்னும் தட்டுத்தடுமாறியே வேலை செய்கின்றன. பழகுவதற்குக் காலம் போதவில்லை. பழைய மின்மாற்றிகளில் ஊற்றிய, குளோரின் ஏறிய பிசிபி எண்ணெய்களிலும் இதே சிக்கல்தான்.

இன்னொரு சிக்கல் எனக்குச் சொந்தத்தில் தெரிந்தது. என் அத்தை தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். முதுகில் டப்பா, கையில் குழாய், காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து போனால் மத்தியானம் வரை பேராகுவாட் என்ற களைக்கொல்லி. புல் கருகிவிடும். அத்தையின் விரல் நகங்கள் நிறம் மாறி ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மூக்கில் ரத்தம் வரும். கையுறை கொடுக்கச் சொல்லிக் கேட்டால், நாளைக்கு நாளைக்கு என்பார்கள். பேராகுவாட்டும் அரோமேட்டிக் குடும்பம்தான், நைட்ரஜன் கலந்த இரண்டு வளையங்கள். கரைசலில் தனியாகக் கிடைத்தால் அதை உண்ணும் மண் உயிர்கள் உண்டு. லிப்போமைசஸ் என்ற மண் ஈஸ்ட் அதிலிருந்து நைட்ரஜன் எடுத்துக்கொள்ளும். ஆனால் தெளித்த பேராகுவாட் களிமண் துகள்களுக்கு நடுவே போய் இறுக ஒட்டிக்கொள்கிறது. பாக்டீரியாவின் வாய்க்கு எட்டாது. அதனால் ஆண்டுக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். சாப்பாடு இருக்கிறது, சாப்பிடத் தெரிந்தவனும் இருக்கிறான், நடுவில் பூட்டிய கதவு. மலேசியா 2002-இல் பேராகுவாட்டுக்குத் தடை அறிவித்து, 2006-இல் அதைத் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுதாக நிறுத்தியது. மருந்தடித்த பெண்களில் எத்தனையோ பேர் தமிழ்ப் பெண்கள். இந்தத் தேதிகளை நம்மவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, அக்காவின் ஆற்றுக்கு வருவோம். உடைக்கச் சுலபமான பீனாலையே எடுத்துக்கொள்ளலாம். பீனால் பாக்டீரியாவைக் கொல்லும் பொருள். 1865-இல் கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் புண்களில் சீழ் பிடிக்காமல் இருக்கப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலம் இதுதான். கொஞ்சமாக இருந்தால் அதே பீனால் சூடோமோனாஸுக்குச் சாப்பாடு, அதிகமானால் அதற்கும் விஷம். இப்படிப்பட்ட பொருட்கள் பாக்டீரியாவின் மேல்தோலில் கரைந்து அதை ஓட்டையாக்கும். தோலை இறுக்கிக்கொண்டும், உள்ளே வந்ததை வெளியே இறைத்தும் சில வகைகள் தாங்கும். பாதிக்குப் பாதி டொலுவீன் கலந்த திரவத்தில் வளரும் சூடோமோனாஸ் ஒன்றை இனோவேயும் ஹொரிகோஷியும் 1989-இல் அறிவித்தார்கள். ஆனால் ஆற்றில் இருப்பவை எல்லாம் அப்படிப்பட்டவை அல்ல.

அளவு சரியாக இருந்தாலும் ஆக்சிஜன் வேண்டும். தமிழ்ப் பள்ளிப் பாடநூலில் உயிர்வளி என்று படித்தோமே, அது. ஒரு கிராம் பீனால் முழுதாக எரிந்து கரிவளியும் நீருமாக மாற ஏறக்குறைய 2.4 கிராம் ஆக்சிஜன் தேவை. நம் ஊர் வெப்பத்தில், 30 பாகையில், ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜன் 7.6 மில்லிகிராம் மட்டுமே. கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீர் தன்னிடம் உள்ள அத்தனை ஆக்சிஜனையும் கொடுத்தாலும் மூன்று மில்லிகிராம் பீனாலுக்குத்தான் போதும். ராத்திரியில் யாரோ 200 கிலோ டிரம் ஒன்றை ஆற்றில் கவிழ்த்தால், அதற்கு வேண்டிய ஆக்சிஜன் சுமார் 480 கிலோ. 6 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீரில் இருக்கும் மொத்த ஆக்சிஜன் அது. ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் 25. அத்தனை தண்ணீரிலும் ஒரு மீனுக்கு மூச்சுவிடக்கூட மிச்சம் இருக்காது. காற்றில் இருந்து ஆக்சிஜன் மறுபடி கரையும் என்பது உண்மைதான். ஆனால் அது மெதுவாக நடக்கும், டிரம் கவிழ ஐந்து நிமிடம் போதும்.

ஆக்சிஜன் தீர்ந்த பிறகு என்ன ஆகும்? ஆற்றடிச் சேற்றிலும், கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்துச் சதுப்புநிலக் காட்டின் கறுத்த மண்ணிலும் வேறொரு கூட்டம் இருக்கிறது. அவை ஆக்சிஜன் இல்லாமலே வளையத்தை உடைக்கும். தவேரா என்ற பாக்டீரியா டொலுவீனை இன்னொரு சிறு மூலக்கூறோடு ஒட்டி, படிப்படியாகப் பென்சாயில் கோ-ஏ என்ற பொருளாக்கி, அதன் மேல் எலக்ட்ரான்களைத் திணித்து வளையத்தைத் தளர்த்துகிறது. மூச்சுவிட நைட்ரேட்டைப் பயன்படுத்துகிறது. ஜியோபாக்டர் என்பது துருப்பிடித்த இரும்பைக் கொண்டே மூச்சுவிடும். இது அசாத்தியமான வேதியியல்தான், ஆனால் மெதுவானது. பென்சீனைப் பொறுத்தவரை மிக மெதுவானது. மாதங்கள், ஆண்டுகள் என்று பேச வேண்டிய வேகம். நாளைக் காலை குழாயைத் திறக்க வேண்டியவர்களுக்கு அது உதவாது.

குடிநீர் நிலையத்துக்கு வந்த பிறகும் தப்பமுடியாது. அங்கே கிருமியைக் கொல்லக் குளோரின் போடுவார்கள். தண்ணீரில் பீனால் இருந்தால் குளோரின் அதன் வளையத்தில் ஏறிக் குளோரோபீனால் ஆகிவிடும். மருந்து வாடை அடிக்கும். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே சில வகைகளை நாக்கு கண்டுபிடித்துவிடும். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் இருக்கும் ஆலைகளுக்கு நம் 2009 கழிவுநீர் விதிகள் பீனால் வரம்பை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்றும், மற்ற இடங்களுக்கு 1.0 மில்லிகிராம் என்றும் வைத்திருக்கின்றன. ஆயிரம் மடங்கு வித்தியாசம். நிலையத்தை மூடும்போது மக்களுக்குக் கோபம் வருகிறது, எனக்கும் வந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீரை உள்ளே விடாமல் மூடியதுதான் சரி.

ஆகவே பாக்டீரியாவை நம்பலாம், ஆற்றில் போய்ச் செய்து கொள் என்று அதைத் தனியே விடக் கூடாது. அந்த வேலையை ஆலைக்குள்ளேயே, காற்று ஊதும் ஏரேஷன் டேங்கில் செய்துகொள்ள வேண்டும். அங்கே காற்றை நாம் ஊதலாம், அளவை நாம் கட்டுப்படுத்தலாம், நேரத்தை நாம் கொடுக்கலாம். அப்படி இருந்தும் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஷா ஆலம் பக்கம் பலகைப் பசை செய்யும் ஓர் ஆலை. பீனாலும் ஃபார்மலினும் மூலப்பொருள். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, அடுத்த நாள் தீபாவளி விடுமுறை என்று, கலவைப் பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரைச் சிறிது சிறிதாக விடாமல் வால்வை முழுதாகத் திறந்துவிட்டார்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு மடங்கு பீனால் ஒரே மூச்சில் டேங்குக்குள் போனது. காலையில் போனபோது ஓர் இளைஞன், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் டிஓ மீட்டரைக் காட்டி, "அண்ணே, ஆக்சிஜன் நல்லா ஏறியிருக்குண்ணே" என்றான். எப்போதும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும் இடத்தில் 6-க்கு மேல் காட்டியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆக்சிஜன் ஏறியது நல்ல செய்தி இல்லை. ஊதுகிற காற்றை மூச்சுவிட ஆளில்லை என்று அர்த்தம்.

ஒரு சொட்டு எடுத்து நுண்நோக்கியில் வைத்தோம். டேங்கில் பாக்டீரியாக்கள் திரண்டு நிற்கும் சேற்றை ஸ்லட்ஜ் என்போம். நல்ல ஸ்லட்ஜில் மணி வடிவில், காம்பு முளைத்த சிற்றுயிர்கள் இருக்கும். வோர்ட்டிசெல்லா என்று பெயர். தொட்டால் காம்பு சுருள்வில்லாகச் சுருங்கி மறுபடி நீளும். அதன் உதட்டோரம் மயிரிழைகள் சுழன்றுகொண்டே இருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட அசையவில்லை. காம்புகள் நீட்டியபடியே நின்றன, மணிகள் வெடித்திருந்தன. டேங்கின் மேல் வெள்ளை நுரை. ஆஸ்பத்திரித் தரை துடைத்த வாடை.

முதலில் வெளியே போகும் குழாயை மூடினோம். வந்த தண்ணீரை அவசரத் தொட்டிக்குத் திருப்பினோம். ஆலை இரண்டு வாரம் பாதி உற்பத்தியில்தான் ஓடியது, முதலாளி முகம் சுளித்தார். வேறோர் இடத்தில் இருந்து டேங்கர் லோரியில் ஸ்லட்ஜ் கொண்டுவந்து ஊற்றினோம். அது பீனால் பார்க்காத ஸ்லட்ஜ். பச்சைப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போல, முதல் வாரம் வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு. நைட்ரஜனுக்கு யூரியா, அப்புறம் கொஞ்சம் பாஸ்பேட். தோட்டத்தில் மரத்துக்குப் போடும் அதே உர மூட்டை. தினமும் காலையில் பீனால் அளந்தோம். கூட்டலாம் என்று கை துறுதுறுக்கும். கூட்டினால் மறுபடி விழும் என்று தெரியும், அதனால் கூட்டவில்லை. கோடிக்கணக்கான பாக்டீரியாவில் தாங்கியவை பெருகி, தாங்காதவை ஒழிந்து, கூட்டம் தன்னைத்தானே மாற்றிக்கொள்ள நேரம் எடுக்கும்.

மூன்றாவது வாரம் வெள்ளை நுரை அடங்கியது. நான்காவது வாரம் ஸ்லட்ஜ் மறுபடி பழுப்பு நிறத்துக்கு வந்து, கண்ணாடிக் குவளையில் அரைமணி நேரத்தில் ஒழுங்காகப் படிந்தது. ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த இளைஞன் மீட்டரோடு படியில் நின்றுகொண்டிருந்தான். "அண்ணே, இறங்கிடுச்சு. ரெண்டு." நுண்நோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரே ஒரு வோர்ட்டிசெல்லா, காம்பைச் சுருக்கி நீட்டிக்கொண்டிருந்தது.